ரோஸெட் நெபுலா படத்தில் நாய்ஸ் குறைத்த அனுபவம்: பணமும் இரவுகளும் போன கணக்கு

சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவை வைத்துக்கொண்டு நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு மேகங்களை, படமெடுக்கும் ஒருவர், படத்தில் தெரியும் நாய்ஸைக் (வானத்தில் இல்லாத மணல் போன்ற புள்ளிகளையும் திட்டுகளையும்) குறைப்பதற்காக எவ்வளவு பணத்தையும் எத்தனை இரவுகளையும் செலவழிக்க முடியும் என்பதற்கு என் கணக்கு நோட்டே சாட்சி. மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டு, கூடுதல் ராம் என்று நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அதோடு ஒரு குளிர்காலத்தின் விடுமுறை இரவுகளும் ஏறக்குறைய முழுவதுமாகப் போயின. அதில் பெரும்பகுதி தேவையில்லாத செலவு. அந்த நாட்களில் தமிழில் இதைப் பற்றிப் படிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் பார்த்த காணொளிகளில் எல்லாரும் பனி பெய்யும் ஊர்களில், சென்சாரை மைனஸ் பத்து டிகிரிக்குக் குளிரூட்டும் கேமராக்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். தை மாதத்திலும் இரவில் மின்விசிறி சுழலும் வேலூர் வீட்டிலிருந்து அவர்களைப் பார்த்து ஒன்றைச் செய்தால், அதே பலன் இங்கே கிடைப்பதில்லை. நான் பட்டதை வரிசையாக எழுதிவைத்தால் இனி தொடங்குபவர்களுக்காவது அந்தப் பணம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எடுக்க விரும்பியது ரோஸெட் நெபுலா. திருவாதிரை விண்மீனுக்குக் கிழக்கே, ஒற்றைக்கொம்பன் விண்மீன் குழாமில், ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஹைட்ரஜன் மேகம் அது. வானில் அதன் அகலம் ஒரு பாகைக்கும் அதிகம், அதாவது முழு நிலவின் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தை அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பத்து மணி வாக்கில் அது நம் பகுதியில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும் என்பதால், வட நாடுகளில் இருப்பவர்களைவிட நமக்கு இது வசதியான பொருள். ஆனால் மாற்றம் செய்யப்படாத கேமராவுக்கு இது கடினமான பொருளும்கூட. நடுவிலுள்ள இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர்களால் தூண்டப்பட்ட ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. கடையில் வாங்கும் கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி, பகல் படங்களில் நிறங்கள் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்த ஆழ்சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மிச்சம் உள்ளே வருவதையும் நான்கில் ஒரு பிக்சல்தான் பதிவுசெய்கிறது, ஏனென்றால் சென்சாரின் ஒவ்வொரு நான்கு பிக்சலிலும் இரண்டு பச்சைக்கும் ஒன்று நீலத்துக்கும் போய்விடுகின்றன. ஆகவே நெபுலா இருக்கும் சிவப்புச் சானல்தான் (படத்தின் சிவப்பு நிறப் பகுதி) படத்திலேயே மிக மோசமான நாய்ஸ் உள்ள சானலாக அமைகிறது. இதைத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் முதல் பொருளாக ஓரியன் நெபுலாவை எடுத்திருப்பேன்.

படமெடுத்தது ஜவ்வாது மலையில், தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதும் இதே மலைத்தொடரில்தான். 1986-இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது என்பதிலிருந்தே அந்த வானத்தின் தரம் விளங்கும். கையில் இருந்தவை 24 மெகாபிக்சல் கேமரா, பழைய 300 மி.மீ. லென்ஸ், வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் சிறிய ட்ராக்கர் ஆகியவை. ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவை 1600-இல் வைத்து, ஒவ்வொன்றும் 60 வினாடி வீதம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படங்கள் தேறின. வீட்டுக்கு வந்து டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருளில் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி (இதற்கு ஸ்டாக் செய்வது என்று பெயர்), கிடைத்த கோப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் சில விண்மீன்கள் மட்டுமே இருந்தன. அது இயல்புதான், ஸ்டாக் செய்த கோப்பு லீனியராக, அதாவது சென்சார் பெற்ற ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஸ்ட்ரெட்ச் செய்து மங்கலான பகுதியை மேலே தூக்கியபோது நெபுலா வந்தது. அதோடு பச்சையும் ஊதாவும் கலந்த திட்டுகளும், மணலைத் தூவிவிட்ட மாதிரியான பரப்பும் வந்தன.

அடுத்த சில வாரங்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஸ்ட்ரெட்ச் செய்து, நிறத்தைக் கூட்டி, கான்ட்ராஸ்ட் எல்லாம் வைத்து முடித்த படத்தை எடுத்துக்கொண்டு, கடைசியில் நாய்ஸ் குறைக்கும் ஸ்லைடரை நகர்த்துவது என்பதுதான் என் முறையாக இருந்தது. கொஞ்சம் நகர்த்தினால் மாற்றமே தெரியாது. மேலும் நகர்த்தினால் நெபுலாவின் மடிப்புகள் மெழுகு உருகிய பரப்பாகிவிடும். இலவச மென்பொருளில்தான் குறை என்று எண்ணி, பகல்நேரப் புகைப்படங்களுக்காக விற்கப்படும், செயற்கை நுண்ணறிவில் இயங்கும் கட்டண மென்பொருள் ஒன்றை வாங்கினேன். அது காட்டிய முன்னோட்டத்தைப் பார்த்த அன்றிரவு மகிழ்ச்சியில் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விண்மீன்களுக்கு இடையே மெல்லிய வளைகோடுகள் நெளிந்துகொண்டிருப்பதைக் கண்டேன். வானத்தில் அப்படி எதுவும் இல்லை. இலை, தலைமுடி, துணி நெசவு போன்றவற்றை நிறையப் பார்த்துப் பயின்ற மென்பொருள், அருகருகே தற்செயலாக விழுந்த நாய்ஸ் புள்ளிகளை ஒரு கோட்டின் துண்டுகள் என்று எடுத்துக்கொண்டு இணைத்துவிடுகிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இதைப் புழு என்றே சொல்கிறார்கள். திருப்பித் தரும் காலக்கெடு அதற்குள் முடிந்திருந்தது.

அதற்கு மேல் கணினி வேறு. அந்த மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் நெடுநேரம் எடுத்துக்கொண்டதால், பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். “ராம் பத்தாது சார். ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் சேர்த்துப் போட்டுட்டீங்கன்னா எல்லாம் சுத்தமா வந்துடும்” என்றார் கடைக்காரர். வேகம் வந்தது உண்மை; புழுக்கள் முன்னைவிட விரைவாக வந்தன. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று நான் பயன்படுத்தும் சிரில் (வானப் படங்களைச் செப்பனிடுவது), கிராஎக்ஸ்பெர்ட் (பின்னணியையும் நாய்ஸையும் சரிசெய்வது), ஸ்டார்நெட் (விண்மீன்களைப் பிரித்தெடுப்பது) ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம். மூன்றும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலும் ஓடும். கார்டு இருந்தால் விரைவாக முடியும், அவ்வளவுதான். ஓர் இரவின் படத்துக்கு ஓரிரு முறை மட்டும் செய்யும் வேலைக்காக அரை மணி நேரம் காத்திருப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

திருப்பம் வந்தது மென்பொருளை மாற்றியதால் அல்ல. கோபத்தில் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, எதையும் நீக்காத ஸ்டாக் கோப்பைச் சிரிலில் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு சானலையும் தனித்தனியே கறுப்பு வெள்ளையில், முழு அளவில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சானலில் பரப்பு முழுவதும் ஒரே திசையில் சாய்ந்த மெல்லிய கோடுகள், காற்றில் சாய்ந்து விழும் தூறல் மாதிரி, மூலையிலிருந்து மூலைவரை ஓடின. நாய்ஸ் என்றால் ஒழுங்கற்றது என்றுதான் படித்திருந்தேன். திசை உள்ள ஒன்று எப்படி நாய்ஸாகும் என்று தேடப் போனபோதுதான், நான் போராடிக்கொண்டிருந்த எதிரி ஒன்றல்ல, பல என்பது புரிந்தது. ஸ்லைடரால் போகக்கூடியது அவற்றில் ஒன்றுதான்.

முதலாவது, ஒளியின் இயல்பிலேயே இருப்பது. ஒளித்துகள்கள் சீராக வந்து விழுவதில்லை. சராசரியாக 100 துகள்கள் வரும் இடத்தில் ஒரு முறை 90 வரும், மறுமுறை 110 வரும். எதிர்பார்க்கும் ஏற்றத்தாழ்வு அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். எனவே மொத்த நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் சிக்னலுக்கும், அதாவது பொருளின் உண்மையான ஒளிக்கும், நாய்ஸுக்கும் உள்ள விகிதம் இரு மடங்காகும். இரண்டாவது, சென்சாரின் வெப்பத்தால் தானாக உண்டாகும் மின்னோட்டம். ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரி உயர்வுக்கும் அது இரு மடங்காகிறது என்பது பொதுவான கணக்கு. மலையில் 15 டிகிரியில் இருக்கும் சென்சார், நம் மாடியில் 27 டிகிரியில் இருந்தால் அந்த மின்னோட்டம் நான்கு மடங்கு. வெளிநாட்டுக் காணொளிகள் நமக்குப் பொருந்தாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்றாவது, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மின்சுற்று சேர்க்கும் சிறு பிழை. நான்காவதுதான் நான் பார்த்த சாய்கோடு. சென்சாரின் சில பிக்சல்கள் எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவும் சில எப்போதும் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். ட்ராக்கரின் துருவ நேர்ப்பாடு (அதன் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கி வைப்பது) துல்லியமாக இல்லாவிட்டால் விண்மீன்கள் படத்துக்குப் படம் மெதுவாக ஒரே பக்கம் நகரும். விண்மீன்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி ஸ்டாக் செய்யும்போது, இடம் மாறாத அந்தப் பிக்சல்கள் எதிர்ப்பக்கமாக நடந்துபோன தடம் கோடாக விழுந்துவிடுகிறது.

இந்தக் கோடுகளை எந்த மென்பொருளும் ஒழுங்காக நீக்கித் தரவில்லை. நெபுலாவின் இழைகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் காண அதனால் முடியவில்லை. இதற்கான மருந்து படமெடுக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. சில படங்களுக்கு ஒரு முறை கேமராவின் பார்வையை மிகச் சிறிதளவு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில் நகர்த்த வேண்டும். இதற்கு டிதரிங் என்று பெயர். ஒரு விண்மீனைக் கவனித்து ட்ராக்கரைத் திருத்தும் கைடிங் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கணினியே இதைச் செய்துவிடும். என்னிடம் இருந்த ட்ராக்கரில் அந்த வசதி இல்லாததால், ஏழெட்டு படங்களுக்கு ஒரு முறை எழுந்துபோய், ஒரு முறை ட்ராக்கரின் பொத்தானையும் மறுமுறை கேமராவைத் தாங்கும் தலையின் நுண்திருகையும் லேசாகத் தொட்டுத் திருப்பினேன். பத்துப் பன்னிரண்டு பிக்சலாவது நகர்ந்தால் போதும். அலுப்பான வேலைதான், பனியில் எழுந்து நடக்க வேண்டியிருந்தது. ஆனால் இடம் மாறிய பிறகு ஸ்டாக் செய்யும்போது, ஒரே விண்பகுதியில் ஒரு படத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் மதிப்பைச் சிக்மா கிளிப்பிங் முறை அடையாளம் கண்டு தள்ளிவிடுகிறது. சூடான பிக்சல், செயற்கைக்கோள் விட்டுச்சென்ற கோடு, விமான விளக்கு ஆகியவையும் அதிலேயே போய்விடும். அடுத்த அமாவாசைக்கு இப்படி எடுத்துவந்த ஸ்டாக்கில் சாய்கோடு இல்லை. எந்த ஸ்லைடரையும் தொடாமலே பழைய இறுதிப் படத்தைவிட அது நன்றாக இருந்ததைப் பார்த்தபோது, மகிழ்ச்சியைவிடச் செலவழித்த பணத்தை நினைத்து வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது.

படமெடுக்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. கேமராவின் மெனுவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு 60 வினாடிப் படத்துக்குப் பிறகும் கேமரா தனக்குள் இன்னொரு 60 வினாடி இருட்டுப் படம் எடுத்துக் கழித்துக்கொண்டிருக்கும். உங்கள் இரவில் பாதி அதிலேயே போய்விடும். அதற்குப் பதிலாக அந்த இருட்டுப் படங்களை, அதாவது டார்க் ஃப்ரேம்களை, இறுதியில், லென்ஸ் மூடியை மாட்டிவிட்டு, சாமான்களைக் கட்டிவைக்கும் நேரத்தில் அதே இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டு அறையில் எடுத்த டார்க், மலையின் குளிருக்குப் பொருந்தாது. பொருந்தாத டார்க்கைக் கழித்தால் சூடான பிக்சல் இருந்த இடத்தில் கறுப்புக் குழி விழும். இன்னொன்று ஒளி மாசு. நகரத்து மாடியிலிருந்து எடுக்கும்போது நெபுலாவின் ஒளியோடு தெருவிளக்கின் ஒளியும் சேர்ந்து வருகிறது. பின்னணியைக் கழித்துவிடலாம், ஆனால் அந்தத் தெருவிளக்கு ஒளி கொண்டுவந்த ஏற்றத்தாழ்வைக் கழிக்க முடியாது. வானம், பிரகாசத்தை அளக்கும் மேக்னிட்யூட் அளவுகோலில் 2 அளவு இருண்டிருந்தால் பின்னணி ஒளி 6.3 மடங்கு குறைகிறது; மங்கலான பொருளுக்கு அதே தரத்தை எட்டத் தேவைப்படும் நேரமும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. மலையில் ஒரு மணி நேரம் எடுப்பது மாடியில் ஆறு மணி நேரத்துக்குச் சமம். அந்த மென்பொருளின் விலையில் ஜவ்வாது மலைக்கு எத்தனை முறை போய்வந்திருக்கலாம் என்று ஒரு நாள் பெட்ரோல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இனி கணினி வேலைக்கு வருகிறேன். மேலே சொன்னவை சரியான பிறகு எஞ்சியிருப்பது பெரும்பாலும் முதல் வகை நாய்ஸ், அதாவது ஒழுங்கற்ற மணல். அதைக் குறைப்பதில் எந்தக் கருவி என்பதைவிட எந்தக் கட்டத்தில் என்பது முக்கியம் என்பதைத்தான் நான் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். ஸ்டாக் செய்த கோப்பை 32 பிட்டிலேயே வைத்திருங்கள். வேலை முடியும்வரை ஜேபெக் பக்கமே போகாதீர்கள். முதலில் ஓரங்களை வெட்டுகிறேன். டிதரிங் செய்த ஸ்டாக்கின் விளிம்புகளில் குறைவான படங்களே ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கும். அங்கே நாய்ஸ் அதிகம், அடுத்து வரும் பின்னணிக் கணக்கையும் அது குழப்பிவிடும். பிறகு கிராஎக்ஸ்பெர்ட்டில் பின்னணிச் சாய்வை (ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருப்பதை) நீக்கி, சிரிலில் விண்மீன்களின் அளவிடப்பட்ட நிறங்களை வைத்து நிறத்தைச் சரிசெய்கிறேன். இந்தக் கட்டத்தில், படம் இன்னும் லீனியராக, திரையில் கறுப்பாக இருக்கும்போதே, நாய்ஸ் குறைப்பைச் செய்கிறேன். காரணம் எளிது. லீனியர் கோப்பில் நாய்ஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பது கணிதத்துக்குத் தெரியும். ஸ்ட்ரெட்ச் செய்த பிறகு இருண்ட பகுதியின் நாய்ஸ் பல மடங்கு பெருகியும், பிரகாசமான பகுதியில் அமுங்கியும் இருக்கும். எந்த ஒரு அளவும் இரண்டுக்கும் பொருந்தாது. இருண்ட பகுதியைச் சுத்தம் செய்ய ஸ்லைடரைக் கூட்டினால் நடுப்பகுதி மெழுகாகிவிடுவது இதனால்தான்.

சிரிலில் உள்ள நாய்ஸ் குறைப்பில் மாடுலேஷன் என்று ஓர் எண் உண்டு. 1 என்றால் சுத்தம் செய்த படம் முழுமையாக, 0.5 என்றால் பழையதும் புதியதும் பாதிப்பாதி. கிராஎக்ஸ்பெர்ட்டிலும் வலிமையைக் கூட்டிக் குறைக்கலாம். நான் பாதியை ஒட்டியே வைக்கிறேன். பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று விரும்புபவர்கள், வானப் படங்களுக்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட நாய்ஸ்எக்ஸ்டெர்மினேட்டர் போன்றவற்றின் சோதனைப் பதிப்பை முதலில் தங்கள் சொந்தக் கோப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யட்டும். எதுவானாலும் முழு வலிமையில் ஓட்டினால் ஒரு விசித்திரம் நிகழும். நுண்மணல் போய்விடும், ஆனால் அதுவரை கண்ணில் படாத, பல பிக்சல் அகலமுள்ள மேகத் திட்டுகள் எழுந்து நிற்கும். பேயர் அடுக்கிலிருந்து (முன்பு சொன்ன, நான்கு பிக்சலில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்ற அமைப்பு) நிறத்தைக் கணிக்கும்போதும், படங்களைச் சுழற்றிப் பொருத்தும்போதும் அண்டைப் பிக்சல்களின் மதிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் உண்டான திட்டுகள் அவை. நுண்மணல் இருந்தவரை அது அவற்றை மறைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் மணலை விட்டுவைப்பது நல்லது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்ததாக, ஸ்டார்நெட் மூலம் விண்மீன்களைத் தனியாகவும் நெபுலாவைத் தனியாகவும் பிரிக்கிறேன். நெபுலாவை ஒரே மூச்சில் தூக்காமல் சிறிது சிறிதாகப் பல முறை ஸ்ட்ரெட்ச் செய்கிறேன். பின்னணியை முழுக் கறுப்பாக இறக்குவதில்லை; 255-க்கு 25 அல்லது 30 என்ற அளவில் அடர்சாம்பலாக விடுகிறேன். முழுக் கறுப்பாக்கினால் நாய்ஸின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டு, மேற்பாதி மட்டும் புள்ளி புள்ளியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது நிறத்தையும் பிரகாசத்தையும் பிரித்துக் கையாள்வது. பச்சை, ஊதாத் திட்டுகளாகக் கண்ணை உறுத்துவது நிற நாய்ஸ். மனிதக் கண் நிறத்தில் நுண்விவரத்தை அதிகம் பார்ப்பதில்லை, பிரகாசத்தில்தான் பார்க்கிறது. எனவே கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் படத்தை லேப் முறையில், அதாவது ஒன்று பிரகாசம், இரண்டு நிறம் என மூன்று அடுக்குகளாகப் பிரித்து, நிறம் இருக்கும் இரண்டு அடுக்குகளை மட்டும் தாராளமாக மங்கலாக்கி, பிரகாச அடுக்கைத் தொடாமல் மீண்டும் சேர்த்தால், ஒரு விவரமும் இழக்காமல் பாதி உறுத்தல் போய்விடும். விண்மீன்கள் உள்ள படத்தில் இதைச் செய்தால் அவற்றின் நிறம் சுற்றிலும் கசியும். விண்மீன்களை முன்பே பிரித்துவைத்தது இதற்காகத்தான்.

பிரகாசத்தில் இன்னும் நாய்ஸ் மிச்சமிருந்தால், நாய்ஸ் குறைத்த நகலை மேல் லேயராக வைத்து, அதற்கு லேயர் மாஸ்க் (மேல் லேயர் எங்கே தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் மறைப்பு) சேர்க்கும் பெட்டியில் கிரேஸ்கேல் நகல் என்பதைத் தேர்ந்து, மாஸ்க்கைத் தலைகீழாக்கு என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். அப்போது நெபுலாவின் பிரகாசமான இதழ்களில் மூலப் படமும், இருண்ட வானத்தில் சுத்தம் செய்த படமும் தெரியும். கடைசியில் விண்மீன்களை ஸ்கிரீன் என்ற கலப்பு முறையில் மேலே சேர்த்தால் வேலை முடிந்தது.

செலவே இல்லாத இன்னொரு வழியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. படத்தின் நீள அகலத்தைப் பாதியாக்குங்கள். நான்கு பிக்சல் ஒன்றாகச் சராசரியாவதால் நுண்மணல் ஏறத்தாழ பாதியாகக் குறையும். 6000-க்கு 4000 என்பது 3000-க்கு 2000 ஆனாலும், ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் பத்து அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு அதுவே அதிகம். அந்தக் குழுவில் என் முதல் படத்தைப் பார்த்த மாமா “பூஞ்சை பிடிச்ச மாதிரி இருக்கே” என்றது வேறு கதை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: படத்தில் தெரிவது வானத்தில் இருக்கிறதா, மென்பொருள் வரைந்ததா? ரோஸெட்டின் பிரகாசமான பகுதிக்கு முன்னால் சிறுசிறு கரிய தூசு உருண்டைகளும் அவற்றின் வால்களும் வரிசையாக இருக்கின்றன. நான் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் அவற்றில் சிலவற்றை அழித்திருந்தது. சிலவற்றை ஒரே கறுப்புக் கோடாக இணைத்திருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதனாலேயே பல நாள் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இப்போது இரண்டு சோதனைகளைத் தவறாமல் செய்கிறேன். ஒன்று, அலாடின் என்ற இலவச வான வரைபடத்தில் டிஎஸ்எஸ் என்ற, தொழில்முறைத் தொலைநோக்கிகளால் எடுக்கப்பட்ட வான அளவாய்வுப் படத்தைத் திறந்து, அதே இடத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. மற்றொன்று அதைவிட நம்பகமானது. எடுத்த படங்களை ஒற்றைப்படை எண்கள், இரட்டைப்படை எண்கள் என இரண்டாகப் பிரித்து, தனித்தனியே ஸ்டாக் செய்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி நாய்ஸ் குறைப்புச் செய்து, மாற்றி மாற்றிப் பார்ப்பது. இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும் இழை உண்மையானதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் அது நாய்ஸிலிருந்து பிறந்தது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு பாதியிலும் நேரம் குறைவு என்பதால் மிக மங்கலான உண்மையான விவரங்களும் இதில் தடுமாறும். அந்த இடங்களில் வலிமையைக் குறைத்துவிடுவேன், இல்லையென்றால் இன்னொரு இரவு எடுத்துவந்து சேர்ப்பேன்.

அப்படிச் சேர்ப்பதற்குப் பழைய கோப்புகள் இருக்க வேண்டும். வட்டில் இடமில்லை என்று மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். ஓர் இரவின் மூலப் படங்கள், டார்க், ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்த படம்), பயாஸ் (மூடியை மாட்டி மிகக் குறைந்த நேரத்தில் எடுத்த படம்) எல்லாம் சேர்ந்து சில ஜிபிதான் வரும். ஆனால் சென்ற ஆண்டின் இரவும் இந்த ஆண்டின் இரவும் ஒரே ஸ்டாக்கில் சேரும்போது கிடைப்பதை எந்த மென்பொருளும் தராது. ஒவ்வோர் இரவுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, தேதி, இடம், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர், வெப்பநிலை ஆகியவற்றை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி உள்ளேயே வையுங்கள். ஒவ்வோர் இரவின் படங்களையும் அந்த இரவின் டார்க், ஃபிளாட் கொண்டே சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்க வேண்டும். இந்தத் தை மாதம் எடுத்தவற்றைப் பழையவற்றோடு சேர்க்கும் வேலை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சேர்ந்த ஸ்டாக்கில் மாடுலேஷனை 0.3-க்கு மேல் ஏற்ற வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.